பாம்பு வீட்டுப் படம்

படத்தில் பாம்பே இல்லை. இருந்திருந்தால் ரோஸ்தாருக்கு இவ்வளவு உதறல் எடுத்திருக்காது.

ஒரு வயதான பெண். வலது கையில் சுரைக்குடுவை. அதன் வாயில் விழலாமா வேண்டாமா என்று கறுப்பாகத் தொங்கும் ஒரு சொட்டு. இடது கை வலப்பக்கம் நீண்டு படத்தின் ஓரத்தோடு முடிந்துபோயிருந்தது. அந்த ஓரத்திலேயே பின்னல் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் படம். ஆனால் தன் புத்தகத்தில் அதன் அடியில் பெல்ஹேவன் துரை இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கோங் ஹுன்சிபோன் மலைப் பேச்சில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"லைத்ரியாங் கிராமத்தில் த்லென் என்னும் பாம்புப் பேயை வளர்ப்பவள். அதற்கு மனித இரத்தம் ஊற்றுகிறாள். அருகில் பலியானவரின் தலைமுடி. என் கண்ணால் கண்டது."

"கோங், அந்தப் பேரைச் சத்தமா சொல்லாதீங்க. வாசக் கதவு தொறந்திருக்கு" என்றான் ரோஸ்தார்.

"வந்தா வரட்டும். ஒரு டீ குடுத்து அனுப்புவோம்."

ஷில்லாங் கோர்ட்டில் இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் ஹுன்சிபோன். வெள்ளைக்கார நீதிபதியின் கோபத்தை மலைக்காரர்களுக்கும், மலைக்காரர்களின் சாக்குப்போக்கை நீதிபதிக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி, பொய் எந்தப் பாஷையில் வந்தாலும் மோப்பம் பிடிக்கிற மூக்கு அவளுக்கு வந்துவிட்டது. போன வருஷம், அதாவது 1937-இல், வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் 'விசாரணைகள்' என்று பலகை மாட்டினாள். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் 'கோங்' தான். அக்காவுக்கு அக்கா, மரியாதைக்கு மரியாதை. ஆண்களுக்கு அதே மாதிரி 'பாஹ்'. ரோஸ்தார் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்பு கௌஹாத்தி ரோட்டில் பஸ் ஓட்டினான். பயணிகளுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டே பஸ்ஸை ஓடைக்குள் இறக்கியதால் அந்த வேலை போயிற்று. நல்ல ஜோக் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வான்.

மூன்றாவது ஆளாக க்ளின் உட்கார்ந்திருந்தாள். லைத்ரியாங்கில் கூடை முடைகிறவள், முப்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. படத்தில் இருந்தது அவளுடைய அம்மா திரிமோன். செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் முன்னால் வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"தலைவர் ஜோர்மானிக்கோட பொண்ணு தாப்பியாங் காய்ச்சல்ல விழுந்து நாப்பது நாளாச்சு. பதினெட்டு வயசுப் பொண்ணு, எலும்பும் தோலுமா கெடக்கா. மூணு தடவை முட்டை ஒடச்சுக் குறி பார்த்தாங்க. ஓடு தப்பா விழுந்திருச்சு. அந்த நேரம் பார்த்து எங்கூரு வாத்தியார் ஷில்லாங்ல இருந்து இந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்தார்."

"வாத்தியாரும் புஸ்தகமும் சேர்ந்தாலே வம்புதான்" என்றான் ரோஸ்தார். கோங் ஒரு பார்வை பார்த்தாள்.

"அது தாய்கிட்ட இருந்து பொண்ணுக்கு வரும்னு சொல்வாங்கல்ல? அதனால இப்ப எங்கிட்ட இருக்காம். ஊத்துல தண்ணி எடுக்க விடல. கூரை மேல கல்லு விழுது. நாளைக்கு மத்தியானம் ஊர்த் தர்பார். வெளியேறச் சொல்லப்போறாங்க. வீடு, ஆரஞ்சுத் தோட்டம் எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும். போறதுதான் போறேன், எங்க கோங் போவேன்? எனக்கு முன்னாடி என் பேரு போய்ச் சேர்ந்திருக்கும்."

"உனக்காகப் பேச மாமன் யாராவது?"

"ஒரே மாமன். அவரும் போய்ட்டார்."

தர்பாரில் பெண்களுக்கு இடமில்லை. பெண் தரப்பில் அவளுடைய தாய்மாமன்தான் எழுந்து பேச வேண்டும். மாமன் இல்லாதவளுக்கு வாய் இல்லை. கோங் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். படித்துக்கொண்டே வந்தவளின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. ரோஸ்தாருக்கு அந்த நெளிசல் தெரியும். யாருக்கோ கஷ்டகாலம்.

"இதைக் கேளு. '1920 மார்ச் மூன்றாம் தேதி லைத்ரியாங் சந்தை. அன்றுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். அடுத்த சந்தை நாளான பத்தாம் தேதி, ஊரே சந்தையில் இருந்த நேரம், மறைந்திருந்து இப்படத்தை எடுத்தேன்.' என்ன தெரியுது?"

"துரை மறைஞ்சிருந்தார்னு தெரியுது. ஆறடி வெள்ளைக்காரர், மூணு கால் கேமராப் பெட்டியோட, எந்தச் செடிக்குப் பின்னால மறைஞ்சார்னுதான் தெரியல."

"பாதி கண்டுபிடிச்சுட்ட. மீதி பாதி அதைவிட நல்லாருக்கு. நடந்துக்கிட்டே யோசி."

அதை விளக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் ஓரத்தில் இருந்த பின்னலின் மேல் வைத்தாள். பிறகு அதை க்ளின் பக்கம் தள்ளினாள். "நீ முடையறவ. இது முடியா?"

க்ளின் குனிந்தாள். அவ்வளவு நேரம் மடியில் கிடந்த அவளுடைய விரல்கள் தானாக அசைந்தன, இழையை எண்ணுகிற மாதிரி.

"முடியில்ல கோங். பிரம்பு. கூடை சுமக்குற நெத்திப்பட்டை. ஆனா ரொம்பச் சின்னது. வெளையாட்டுச் சாமான் மாதிரி."

"அப்ப இந்தப் பாம்பு கூடை சுமக்குதா?" என்றான் ரோஸ்தார்.

இரண்டு பெண்களும் அவனைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொட்டப்புள்ளைக்குப் பேர் வைக்கறப்போ பக்கத்துல என்ன வைப்போம்?" என்று மெல்லக் கேட்டாள் கோங்.

"சின்னக் கூடை. நெத்திப்பட்டை."

"ஆம்பளப் புள்ளைன்னா வில்லும் மூணு அம்பும். எனக்கும் வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு காக்கா விழல" என்ற ரோஸ்தாருக்கு அப்போதுதான் உறைத்தது. குடுவையிலிருந்து சாராயம் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். எந்தப் பெயருக்குக் கடைசிச் சொட்டு விழாமல் நெடுநேரம் நிற்கிறதோ அதுதான் குழந்தையின் பெயர். துரையின் 'மனித இரத்தம்' அந்தச் சொட்டுதான். "அட! அப்ப புள்ள எங்க?"

"வெட்டிட்டாங்க. படத்துல பாதியைக் காணோம். அம்மாவோட இடது கை எங்க போகுதுன்னு பாரு. மணிக்கட்டோட நிக்குது."

"ஆனா அம்மா யாருக்கும் பேர் வச்சதில்ல கோங். அது ஆம்பளைங்க பண்றது" என்றாள் க்ளின். "வச்சிருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

"அதையும் கேப்போம். மிச்சப் பாதி எங்கேன்னும் கேப்போம். முன்னுரையில துரை ஒரு ஆளுக்கு நன்றி சொல்லியிருக்கார் பாரு. 'என் கண்ணாடித் தகடுகளைச் சுமந்த விசுவாச ஊழியன் ஓலிம்.'"

"போலீஸ் பஜார்ல ஓலிம் ஸ்டுடியோ இருக்கே!"

"குடையை எடு."

*

ஓலிம் ஸ்டுடியோவில் நீல ஏரி ஒன்று இருந்தது. துணியில் வரைந்த ஏரி. அதில் வாத்தும் கொக்கும் கலந்த ஒரு வெள்ளைப் பறவை மிதந்தது. ஓலிம் ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெல்வெட் கோட்டும் மெழுகு தடவிய மீசையுமாக இருந்தார். கோங் ஹுன்சிபோன் விசாரணை என்று வாயே திறக்கவில்லை. "இவனை ஒரு படம் எடுக்கணும், பொண்ணு பார்க்க அனுப்பணும்" என்று சொல்லி ரோஸ்தாரை ஏரிக்கரையில் உட்கார வைத்துவிட்டாள். தலை ஆடாமல் இருக்கப் பின்னங்கழுத்தில் ஓர் இரும்புக் கவ்வியை முடுக்கினார் ஓலிம்.

"அசையக்கூடாது, பேசக்கூடாது" என்றார்.

"அதுக்குன்னே ஆளைத் தேடிக் கூட்டியாந்தேன்" என்றாள் கோங்.

ஓலிம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். கோங் சுவரில் இருந்த கல்யாணப் படங்களைப் பார்க்கிற பாவனையில் பேச்சை ஆரம்பித்தாள்.

"பாஹ் ஓலிம், நீங்க பெல்ஹேவன் துரைகிட்ட வேலை பார்த்தவராமே?"

"பெட்டி தூக்கினேன்" என்றது துணி. "படமெல்லாம் அவர் எடுத்தது."

"அந்த லைத்ரியாங் படம் பிரமாதம். எல்லாத்தையும் தேதி போட்டு எழுதியிருக்கார் மனுஷன். மார்ச் மூணு சந்தை. அடுத்த சந்தை மார்ச் பத்து, அன்னைக்குத்தான் படம் எடு..."

"பதினொண்ணு" என்றது துணி.

சொன்ன பிறகு அது மூச்சு விடவில்லை.

கோங் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

பதில் இல்லை. ரோஸ்தாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவ்வி கழுத்தைப் பிடித்திருந்ததால் அது மூக்கு வழியாகப் போயிற்று. எட்டு வருஷம் சந்தை பஸ் ஓட்டியவனுக்கு இது எப்படித் தட்டுப்படாமல் போயிற்று! இந்த மலையில் சந்தை எட்டு நாளைக்கு ஒரு தரம். மூன்றாம் தேதி சந்தை என்றால் அடுத்தது பதினொன்றாம் தேதிதான் வரும். எந்தக் கடவுள் இறங்கி வந்தாலும் பத்தாம் தேதி வராது. துரைக்கு வாரம் என்றால் ஏழு நாள். லண்டனில் மேஜை முன்னால் உட்கார்ந்து, யாரோ எழுதிக் கொடுத்த 'அடுத்த சந்தை' என்ற குறிப்பைப் பார்த்து ஏழைக் கூட்டிவிட்டார்.

"அன்னைக்கு அந்தச் சந்தைக் கூட்டத்துல நின்ன எவனும் பத்துன்னு எழுத மாட்டான்" என்றாள் கோங். "துரை அங்க இல்ல. இருந்தவர் உள்ள ஒளிஞ்சிருக்கார். வெளிய வாங்க பாஹ் ஓலிம், துணிக்குள்ள வேர்க்கும்."

ஓலிம் வெளியே வந்தார். மீசையின் ஒரு முனை கீழே தொங்கியது.

"துரை சோரா பங்களால காய்ச்சலா படுத்திருந்தார். பெட்டியை எங்கிட்ட குடுத்தனுப்பினார். ரெண்டு வருஷமா அவருக்கு ஒரே பித்து, பாம்பு வீட்டைப் படம் புடிக்கணும்னு. கொண்டாரவனுக்குப் பழைய பெட்டியைக் குடுத்துடறேன்னு சொல்லியிருந்தார். நான் எங்க போவேன் பாம்புக்கு? அன்னைக்கு ஒரு வீட்டு முற்றத்துல பேர் வச்சுட்டு இருந்தாங்க. எடுத்தேன். என் கையால எடுத்த மொதப் படம். நல்லா வந்திருந்தது." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "துரை பார்த்துட்டு, பேர் வைக்கறது எல்லா ஊர்லயும் இருக்குன்னு தூக்கிப் போட்டார். ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில பாதியா வெட்டி, இதுதான் நீங்க கேட்டதுன்னு நீட்டினேன்."

"பெட்டி கெடச்சுது."

"கெடச்சுது. புஸ்தகம் லண்டனுக்குப் போகும், இங்க எவன் படிக்கப்போறான்னு நெனச்சேன்."

"பொம்பள எப்படி ஊத்தினா?"

"ஊத்த வேண்டிய மாமன் முந்தின நாளே அந்தக் குடுவையைக் காலி பண்ணிட்டார். புதுசு வாங்கிட்டு வந்தாங்க, ஆனா அவருக்குக் கை நடுக்கம். பக்கத்து வழியா போன இந்தப் படத்து அம்மாவைக் கூப்பிட்டாங்க. நல்ல நிதானமான கை. வெளியில தெரிஞ்சா ஆம்பளைங்க சண்டைக்கு வருவாங்கன்னு பொம்பளைங்க அங்கேயே சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. மூணு பேர் சொன்னாங்க. அதுல ஒண்ணு 'சிலெட்'. புருஷன் சிலெட்டுக்கு வியாபாரம் பண்ணப் போயிருந்தானாம். அந்த ஊர்ப் பேரை வச்சா சீக்கிரம் திரும்பி வருவான்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு நெனப்பு. எனக்குச் சிரிப்பு வந்து பெட்டி ஆடிடுச்சு."

"மிச்சப் பாதி?"

"தாய்காரி, புள்ள படம் வேணும்னு கேட்டிருந்தா. அடுத்த தடவை போறப்போ அவகிட்ட குடுத்தேன். யார் வீடுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல கோங். நூறு ஊரு சுத்தியிருக்கேன்."

"நாளைக்குத் தர்பார்ல வந்து இதைச் சொல்லுங்க."

ஓலிம் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஏரி, பறவை, நாற்காலி, கவ்வி. "இதெல்லாம் அந்தப் பெட்டி போட்ட குட்டி. மொதப் படமே பொய்னு நான் போய்ச் சொல்லணுமா?" என்றவர், "வர மாட்டேன்" என்றார்.

கோங் கெஞ்சவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"கோங்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "என் கழுத்து!"

*

மறுநாள் உருளைக்கிழங்கு லாரியில் தொற்றிக்கொண்டு போய், ரோட்டில் இறங்கி, கல்படியில் மூன்று பாக்கு மெல்லுகிற தூரம் கீழே நடந்தால் லைத்ரியாங். மழை தூறிக்கொண்டிருந்தது. தர்பார் திடலைச் சுற்றி இடுப்பளவு கல்சுவர். உள்ளே அறுபது எழுபது ஆண்கள். வெளியே பெண்கள், தலையில் கவிழ்த்த மூங்கில் மழைக்கூடைகளுக்குள் முகம் தெரியாமல். க்ளின் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி நாலு முழத்துக்கு யாரும் இல்லை.

"உள்ள போ" என்றாள் கோங்.

"நானா?"

"என்னால உள்ள போக முடியாது. இன்னைக்கு நீதான் அவளுக்கு மாமன்."

"எனக்கு அவளைவிட நாலு வயசுதான் கோங் கூட!"

"மாமனுக்கு வயசு எதுக்கு? வாய் இருந்தா போதும். உன்கிட்ட அது எக்கச்சக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குடிகார மாமன், சிலெட் கதை, ரெண்டையும் விடாம சொல்லு. எல்லாரும் சிரிப்பாங்க. எவன் சிரிக்கலன்னு பாரு."

ரோஸ்தார் உள்ளே போனான். எதிரே கல்மேல் தலைவர் ஜோர்மானிக் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. பல நாள் தூங்காத கண். அவரைப் பார்த்தால் யார் மேலும் வன்மம் வைத்திருக்கிற ஆளாகத் தெரியவில்லை. பயந்துபோன அப்பாவாகத்தான் தெரிந்தார்.

"நீ அவளுக்கு என்ன வேணும்?"

"இன்னைக்கு மட்டும் மாமன். நாளைக்கு ரிட்டையர் ஆயிடுவேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"என் பொண்ணு சாகக் கெடக்கா தம்பி" என்றார் ஜோர்மானிக். "வெளையாடாத."

ரோஸ்தாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஜோக்கையெல்லாம் மடித்து உள்ளே வைத்தான். க்ளினைத் திரும்பிப் பார்த்தான். அவள் சுவரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவன் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"சரிங்க. இந்தப் படத்தைத் தவிர இந்தப் பொண்ணு மேல வேற ஏதாவது சாட்சி இருக்கா?"

"அச்சுல வந்திருக்கே, வேற என்ன வேணும்?" என்று எழுந்தார் பள்ளிக்கூட வாத்தியார், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"அச்சுலதானே? எடுங்க. மூணாம் தேதி உங்கூருச் சந்தைன்னு அச்சுல வந்திருக்கா?"

"ஆமா."

"அடுத்த சந்தை எப்பன்னு வந்திருக்கு?"

"பத்தாம்..." வாத்தியார் நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் விரல் விட்டு எண்ணுங்க" என்றான் ரோஸ்தார்.

எண்ணினார்கள். திடல் முழுக்க விரல்கள் மடங்கின. எட்டாவது விரலுக்கு வந்ததும் பின்வரிசையில் யாரோ 'ப்பூ' என்றார்கள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தது. சந்தை நாள் எண்ணத் தெரியாத மனிதனை இந்த மலையில் யாரும் நம்ப மாட்டார்கள், அவன் துரையாக இருந்தாலும் சரி. வாத்தியார் மெதுவாக உட்கார்ந்தார்.

ரோஸ்தார் அந்தச் சூட்டோடு நெற்றிப்பட்டையைச் சொன்னான். பாதியாய் வெட்டின படத்தைச் சொன்னான். குடுவையைக் காலி பண்ணின மாமனைச் சொன்னபோது ஆட்கள் ஒருவரையொருவர் விலாவில் இடித்து, "உன் மாமன்டா" "போடா, உன் மாமன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு பேர்ல ஒண்ணு என்ன தெரியுமா? சிலெட்! புருஷன் சிலெட்டுக்குப் போயிட்டானாம். ஊர்ப் பேரை வச்சுக் கூப்பிட்டா ஆள் திரும்பி வந்துடுவான்னு அந்த அம்மா..."

திடலே குலுங்கியது. ரோஸ்தார் மட்டும் சிரிக்காமல் முகம் முகமாகத் தேடினான். இடப்பக்கம், வலப்பக்கம், பின்வரிசை. அத்தனை வாயும் திறந்திருந்தது. கடைசியாக எதிரே பார்த்தான்.

ஜோர்மானிக் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

சுவரின் திறப்பு வழியாக வெளியே நடந்தார். சிரிப்பு அறுந்தது. "வெட்டுக்கத்தி எடுக்கப் போறார்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ரோஸ்தார் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, "கோங், லாரி இன்னும் மேல நிக்குமா?" என்று கேட்டான்.

"பேசாம நில்லு."

திரும்பி வந்தபோது தலைவரின் கையில் கத்தி இல்லை. அடுப்புப் புகையில் கறுத்த ஒரு சட்டம் இருந்தது. மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே ஒரு இளம்பெண், மடியில் ஒருநாள் குழந்தை, பக்கத்தில் பொம்மை மாதிரி ஒரு கூடை. இடது ஓரத்தில், உடம்பில்லாத ஒரு கை பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் வாத்தியாரிடமிருந்து புத்தகத்தை வாங்கிக் கல்லின் மேல் விரித்தார். சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து நகர்த்தினார். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் மணிக்கட்டு மணிக்கட்டோடு போய்ச் சேர்ந்தது. நெற்றிப்பட்டை கூடையோடு சேர்ந்தது. திரிமோன் ஒரு குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொட்டு அதன் பெயருக்காகத்தான் விழாமல் நின்றது.

"நான் சிலெட்ல இருந்து வரதுக்குள்ள தாப்பியாங் பொறந்து ஒரு மாசம் ஆயிருச்சு" என்றார் ஜோர்மானிக். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "இந்தக் கை யாரோடதுன்னு எம்பொண்டாட்டிகிட்ட கேட்டேன். 'ஒரு நல்ல கை'ன்னா. அதுக்கு மேல சொல்லல. ரெண்டு வருஷத்துல அவளும் போய்ட்டா. பதினெட்டு வருஷமா தினம் பார்க்கிறேன் இந்தக் கையை."

முன்வரிசைக் கிழவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலையை ஆட்டினார்கள்.

"க்ளின் மேல ஒண்ணும் இல்ல. தர்பார் முடிஞ்சுது" என்றார் தலைவர்.

ஆனால் யாரும் எழவில்லை. அவரும் உட்காரவில்லை.

"அப்போ எம்பொண்ணுக்கு என்ன?" என்றார். "பாம்புன்னா வெரட்டிடலாம்னு இருந்தேனே. இப்ப நான் எதை வெரட்டுவேன்?"

அப்போது சுவருக்கு வெளியேயிருந்து கோங் ஹுன்சிபோனின் குரல் வந்தது. தர்பார் திடலில் அதுவரை கேட்டிராத ஒரு பெண்குரல்.

"காய்ச்சலை வெரட்டுங்க, பாஹ் ஜோர்மானிக். ஷில்லாங்ல டாக்டர் இருக்கார். பாம்பைத் தேடி நாப்பது நாள் போயிருச்சு. இன்னும் எத்தனை நாள் நிப்பீங்க?"

யாராவது அதட்டுவார்கள் என்று ரோஸ்தார் காத்திருந்தான். யாரும் அதட்டவில்லை. தலைவர் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

ஆளைச் சுமக்கிற மூங்கில் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். இளைஞர்கள் நாலு பேர் முன்வந்தும், ஜோர்மானிக் பட்டையைத் தன் நெற்றியில்தான் மாட்டிக்கொண்டார். முதுகோடு முதுகாக, கம்பளிக்குள் சுருண்டு தாப்பியாங் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. க்ளின் யாரையும் கேட்காமல் பின்னாலேயே படி ஏறினாள், தன் மழைக்கூடையைப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்தபடி. அவள் தோளில் ஒரு மூட்டை தொங்கியது. ஊரை விட்டுப் போகச் சொன்னால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று காலையிலேயே கட்டிவைத்த மூட்டை. இறக்கிவைக்க மறந்துபோயிருந்தாள்.

நூறு படி ஏறியதும் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அதுல என்ன வாசம்?" என்றாள் தாப்பியாங்.

"எதுல?"

"மூட்டைல."

க்ளின் தயங்கினாள். ஒரு மாதமாக அவள் கையால் எதையும், ஒரு பாக்கைக்கூட, ஊரில் யாரும் வாங்கவில்லை. "வழிக்குக் கட்டின சோறு. கருவாட்டுத் துவையல்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குப் பசிக்குது."

ஜோர்மானிக் அப்படியே நின்றார். நாற்பது நாளில் அந்தப் பெண் பசி என்று வாய் திறந்தது இப்போதுதான். பட்டை நெற்றியை இழுத்ததால் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எதிரே இருந்த படிக்கல்லைப் பார்த்துக்கொண்டே, பின்னால் இலை பிரிகிற சத்தத்தைக் கேட்டார்.

"குடும்மா" என்றார் க்ளினிடம். "நீயே குடு. நான் ஆடாம நிக்கிறேன்."

க்ளின் சோற்றை உருட்டினாள். தாப்பியாங் வாயைத் திறந்தாள்.